ராஜாளி டூ

"எனக்குப் பேர் வேணும்," என்றேன்.

நாகூர் மீரான் மாமா வாய்க்குக் கொண்டுபோன கோழிக்கால் பாதி வழியில் நின்றது. தங்கராஜு அங்கிள் தண்ணீர் குடித்தார். அப்பா மட்டும் என்னைப் பார்க்காமல் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார், அதை நிறுத்தச் சொல்லித்தான் நான் கேட்டதுபோல.

வரும் வழியெல்லாம் காடியை ஓட்டிக்கொண்டே அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். "எதை வேணும்னாலும் கேளும்மா. பேர் மட்டும் கேட்டுடாத. அது கேட்டு வாங்குற சாமான் இல்ல. அவங்களா பாத்துக் கொடுக்கணும்." கொம்தார் கோபுரத்துச் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றபோது இன்னொரு தடவை சொன்னார். கேட்டே தீர்வது என்று நான் முடிவு செய்தது அந்த விளக்கில்தான்.

என் சொந்தப் பேர் பிரமிளா. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கேட்டது காற்றில் கூப்பிடுகிற பேர். சிபி ரேடியோவில் யாரும் சொந்தப் பேரில் பேசுவதில்லை. ஒரு காலத்தில் லாரிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் எந்தச் சாலையில் நெரிசல், எங்கே போலீஸ் நிற்கிறது என்று கேட்டுக்கொள்ள வைத்திருந்த செட்டுகள் அவை. கைப்பேசி வந்ததும் எல்லாரும் தூக்கிப் போட்டார்கள். தூக்கிப் போட்டதையெல்லாம் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் பொறுக்கி எடுத்து வந்து, தூசி தட்டி, வேலை செய்ய வைத்து, அதில் பேசுவதற்கென்றே பினாங்கில் ஒரு கூட்டம் இருக்கிறது. அதன் பேர் சூலியா வட்டம். சூலியா தெருவில் மீரான் மாமாவின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடிதான் அதன் தலைமையகம். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க செட்டு. மரப் பெட்டி மாதிரி இருப்பது, செங்கல் கனத்தில் கையில் பிடிப்பது, மீட்டர் முள் ஆடும்போது பச்சை விளக்கு எரிவது. எல்லாவற்றுக்கும் கீழிருந்து வரும் மீன் குழம்பு வாசனை.

ஞாயிறு சாயங்காலம் பதினோராவது சேனலில் ஆஜர் எடுப்பார்கள். மீரான் மாமா தலைவர். காற்றில் அவர் சுல்தான். தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தங்கராஜு அங்கிள் செயலாளர், சிங்கம். அப்பா மோகனராஜ் பொருளாளர், ராஜாளி. நான் ராஜாளி டூ.

இதுதான் சங்கத்தின் சட்டம்: ஒரு வீட்டுக்கு ஒரு பேர். வீட்டில் வேறு யார் மைக்கைத் தொட்டாலும் டூ, த்ரீ என்று வால் மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் பையன்களுக்கு ஒரு சலுகை உண்டு. முதல் செட்டைக் கையில் வாங்கியதும் வட்டம் கூடி அவனுக்குத் தனிப் பேர் சூட்டும். என் தம்பி கோகுலனுக்குப் பள்ளிக் கடைசித் தேர்வு எஸ்.பி.எம். எழுதிய வருஷமே சூட்டினார்கள். அவன் பேர் மின்னல். பேர் வாங்கிய மறுநாள் ஆண்டெனாவை மாட்டாமலே மைக்கை அழுத்திப் பேசி, செட்டின் சிக்னல் அனுப்புகிற டிரான்சிஸ்டரை எரித்தான். அதன்பிறகு அவன் இந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஆஜரில் "மின்னல்... மின்னல்..." என்று கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் அடுத்த பேருக்குப் போவார்கள்.

அந்த எரிந்த டிரான்சிஸ்டரை மாற்றியது யார்? ராஜாளி டூ. இந்த அறையில் உயிரோடிருக்கிற செட்டுகளில் முக்கால்வாசிக்கு உயிர் கொடுத்தது யார்? அதே டூ. எங்கள் குடும்பத்தில், அப்பா பக்கமும் அம்மா பக்கமும் சேர்த்து, பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். மின்னணுப் பொறியியல். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். பட்டம் வாங்கிய வாரம் மீரான் மாமா சேனலில் அறிவித்தார்: "ராஜாளிக்கு வாழ்த்துகள், ராஜாளி டூ பாஸ் பண்ணிட்டாங்க." உடனே பட்டர்வொர்த் வரைக்கும் ஆள் ஆளாக வந்து அப்பாவை வாழ்த்தினார்கள். அப்பாவுக்கு நன்றி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மைக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பேர்மா?" என்றார் மீரான் மாமா, ஒன்றும் புரியாதவர் மாதிரி.

"எனக்குன்னு ஒரு பேர். டூ இல்லாம."

"ராஜாளி டூக்கு என்னா குறைச்சல்? நல்ல கெத்தான பேரு லா அது."

"அப்போ நீங்க வெச்சுக்குங்க மாமா. ராஜாளி டூன்னு."

தங்கராஜு அங்கிளுக்குப் புரையேறியது. அப்பா "பிரமி" என்று மெல்லச் சொன்னார். அந்த ஒரு சொல்லில் காடியில் சொன்னது எல்லாம் இருந்தது.

மீரான் மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "செரி. கமிட்டி பேசணும். இது லேசான விஷயம் இல்ல." பிறகு, அப்போதுதான் ஞாபகம் வந்தவர் மாதிரி, "அது வரைக்கும் ஒண்ணு செய்யி. ரெண்டு நாளா ஆண்டெனா சரியில்ல. மழை பெஞ்சதுலேருந்து நாம பேசுறது பெனாங் ரோட்டையே தாண்ட மாட்டேங்குது. மேல போயி கொஞ்சம் பாத்துட்டு வா. நீ வரதுக்குள்ள நாங்க முடிச்சிடுறோம்."

என்னைப் பற்றிப் பேச என்னையே வெளியே அனுப்புகிறார்கள். அதுவும் வேலை கொடுத்து. தங்கராஜு அங்கிளுக்கு முட்டி வலி, மீரான் மாமாவின் தொப்பை ஏணிக்குள் நுழையாது, அப்பாவுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். மின்னல் போனபிறகு அந்தக் கூரையில் கால் வைக்கிற ஒரே உறுப்பினர் நான். உறுப்பினர்கூட இல்லை, உறுப்பினரின் டூ.

"போறேன்," என்றேன். "ஆனா நான் மேலேருந்து சொன்னதும் யாராவது மைக்கை அழுத்திப் பிடிக்கணும். சிக்னல் போய்க்கிட்டே இருந்தாத்தான் நான் மீட்டரைப் பாத்து சரி பண்ண முடியும். கொஞ்ச நேரம் பிடிச்சுட்டு விட்டுடுங்க."

"நான் பாத்துக்குறேன்," என்றார் தங்கராஜு அங்கிள்.

கையடக்க செட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு, மீட்டரையும் ஸ்பானரையும் பைக்குள் போட்டுக்கொண்டு, பின்பக்க இரும்பு ஏணியில் ஏறினேன். ஓட்டுக் கூரைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வைக்கிற சின்ன சிமெண்டு மேடை. அங்கேதான் ஆண்டெனாக் கம்பம். கோபம் இருந்தால் ஏணி சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

குறை என்னவென்று பார்த்ததும் தெரிந்தது. கம்பி சேருகிற இடத்தில் சுற்றியிருந்த டேப் பிரிந்து, உள்ளே மழைத்தண்ணீர். பேர் வாங்கிய நாளில் அதைச் சுற்றியது மின்னல். அவிழ்த்து, துடைத்து, பச்சை பிடித்திருந்ததைச் சுரண்டி, புதுசாக இறுக்கி மாட்டினேன். கையடக்க செட்டை வாயருகே வைத்து, "சிங்கம், ராஜாளி டூ. மைக்கை அழுத்துங்க," என்றேன். சொல்லும்போதே நாக்கில் கசந்தது.

மீட்டர் முள் எழுந்தது. கம்பத்தின் அடியிலிருந்த வளையத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தினேன். முள் ஏறியது, இன்னும் ஏறியது, நான் இதுவரை பார்க்காத இடத்துக்குப் போய் நின்றது. இந்த ஆண்டெனா கட்டிய நாளிலிருந்து இவ்வளவு நன்றாக வேலை செய்ததே இல்லை. வளையத்தை முறுக்கி இறுக்கினேன். வேலை முடிந்தது. தங்கராஜு அங்கிள் மைக்கை விட வேண்டியதுதான்.

விடவில்லை.

கையடக்க செட்டைக் காதில் வைத்தேன். முதலில் தகர டின் நகரும் சத்தம். பிறகு பிஸ்கட் மெல்லும் சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. மேசை மைக்கின் அழுத்துகட்டையைப் பிடித்துப் பிடித்து விரல் வலித்திருக்கிறது தங்கராஜு அங்கிளுக்கு. பிஸ்கட் டின்னைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, மறந்துவிட்டு, கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மைக்கை விடுங்க அங்கிள், டின்னை எடுங்க," என்று சொன்னேன். சொல்லி என்ன பயன்? பேசிக்கொண்டிருக்கிற செட்டுக்குக் காது கிடையாது. டின்னை எடுக்கிற வரைக்கும் அது வெளியே பேசும், உள்ளே எதையும் கேட்காது. அந்தக் காது கேளாத செட்டுக்கு நான் இப்போதுதான் பினாங்கிலேயே நல்ல ஆண்டெனாவைக் கொடுத்திருந்தேன்.

இறங்கி ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கம்பியைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் கம்பியைப் பிடுங்கினால் செட்டு எரியும். அதைச் செய்ய நான் மின்னல் இல்லை. ஆகவே பொறியாளர் என்ற முறையில் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"புள்ள படிச்சிருக்குல்ல, அதான் வாய்," என்றது மீரான் மாமாவின் குரல், பக்கத்தில் இருப்பதுபோல.

"வாய் பிரச்சினை இல்ல பாய்," என்றார் தங்கராஜு அங்கிள். "பேர் கொடுத்துட்டா நாளைக்கு நம்மள மதிக்குமா? சங்கத்துல ஓட்டுப் போடணும்னு கேக்கும். தலைவரா நிக்கும். அப்புறம் இந்தச் செட்டெல்லாம் யாரு ரிப்பேர் பண்றது? தலைவர் ரிப்பேர் பண்ணுவாரா? நீங்க பண்றீங்களா?"

"நான் எப்படிப்பா பண்ணுவேன்."

"அதைத்தான் சொல்றேன். டூவா இருக்குற வரைக்கும் பண்ணும்."

"கல்யாணம் வரைக்கும் இழுப்போம்," என்றார் மீரான் மாமா. "வர்ற மாப்பிள்ளைக்கு ஒரு பேரு வெச்சிடுவோம். இது தன்னால அவனுக்கு டூ ஆயிடும். கணக்கு நேரா போயிடும்."

தங்கராஜு அங்கிள் சிரித்தார். "ஆமா பாய். இன்னொண்ணு, ஒண்ணுக்குக் கொடுத்தா எல்லாம் கேக்கும். என் வீட்டுல ஒண்ணு இருக்குதே, சிங்கம் டூ. அது பேசுற பேச்சுக்குத் தனிப் பேரும் கொடுத்தா அவ்வளவுதான். எனக்குச் சேனல்ல இடமே இருக்காது. இப்பவே சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்ல விடமாட்டேங்குது."

குணவதி ஆண்ட்டி, தங்கராஜு அங்கிளின் மனைவி. பக்கத்துப் பேட்டையான டத்தோ கிராமாட்டில் சமையலறை ஜன்னலோரம் செட்டு வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் செட்டை அணைத்ததே கிடையாது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சந்தோஷத்தில்.

"மோகன், நீ ஒண்ணும் சொல்லலியே," என்றார் மீரான் மாமா. "ஒன் மவதானே."

அப்பா தொண்டையைச் செருமினார்.

"கொடுக்க வேணாம் பாய்," என்றார். "தனியா பேரு வேணாம். படிப்பு அதுவா படிச்சது. வேலை அதுவா தேடிக்கிச்சு. மோட்டார் சைக்கிள்கூட அதுவா வாங்கிச்சு. என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இந்த ராஜாளி டூ ஒண்ணுதான் என்னோடது அதுகிட்ட இருக்கு. அது இருக்கட்டுமே."

அதுவரை எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பு நின்றது. மீரான் மாமா சொன்னதைக் கேட்டுக் கோபப்படுவது சுலபம். இதைக் கேட்டுக் கோபப்பட்டால் மனசாட்சி உதைக்கும், கோபப்படாவிட்டால் ஆயுசு பூராவும் டூ. என் அப்பா என்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்தப் பிரியத்தை வைத்துக்கொள்ள அவருக்கு என் பேர்தான் இடம் கிடைத்ததா?

தொட்டியை விட்டு எழுந்தேன். இனிமேல் டூ இல்லை, இனிமேல் யாரிடமும் பேர் கேட்கப் போவதும் இல்லை. அவர்கள் கொடுத்தாலும் வாங்கப் போவதில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அதை ஏணியில் இறங்கும்போது யோசிக்கலாம் என்று இறங்கினேன். ஏணி சின்னது.

கையடக்க செட்டை அணைக்க மறந்தது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அலறுகிற ஒலிபெருக்கியைத் திறந்திருக்கிற மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று முதல் வருஷத்திலேயே படித்திருக்கிறேன். கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்ததும் அறை முழுக்க ஒரு ஊளை கிளம்பியது. கீழே கடையில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். மீரான் மாமா காதைப் பொத்திக்கொண்டு "யா அல்லா!" என்றார். தங்கராஜு அங்கிள் எழுந்து, மேசையைப் பார்த்து, மைக்மேல் உட்கார்ந்திருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை என்னால் மீட்டர் முள் மாதிரி பார்க்க முடிந்தது.

"எப்பலேருந்து?" என்றார், கிசுகிசுத்த குரலில்.

"பிஸ்கட்லேருந்து," என்றேன்.

அவர் டின்னை எடுத்தார். அதுவரை மூடிக் கிடந்த சேனல் திறந்துகொண்டது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினால் சிபியில் ஒன்றும் புரியாது, விசில் சத்தம்தான் வரும். விசில் வந்தது. சிரிப்பு வந்தது. ஒருவர் "சாம்பார், சாம்பார்" என்று கத்தினார். பிறகு அத்தனையையும் தள்ளிக்கொண்டு பக்கத்துப் பேட்டையிலிருந்து ஒரு குரல், கிண்ணென்று.

"சிங்கத்துக்கு சிங்கம் டூ. கேக்குதா?"

தங்கராஜு அங்கிள் மைக்கைத் தொடவில்லை. அது சூடாக இருப்பதுபோல ஒரு அடி பின்னால் போனார்.

"கேக்கும். உங்களுக்குக் காது இப்பத்தான் வந்துருக்கும். என் பேரு குணவதி. எல்லாரும் கேட்டுக்குங்க, குணவதி. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தச் சேனல்ல இருக்கேன், ஒருத்தருக்கும் என் பேரு தெரியாது. இன்னைக்கு வீட்டுல சாம்பார் இல்ல. உப்பு மட்டும் இருக்கு. வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. ஓவர்."

உடனே இன்னொரு சின்னக் குரல், பட்டர்வொர்த்துப் பக்கமிருந்து: "நண்டு த்ரீ இங்க. அக்கா, என் பேரு நூர் ஃபாத்திஹா. எனக்கு நண்டே பிடிக்காதுக்கா."

மீரான் மாமா ஒலியைக் குறைத்தார். சட்டென்று அவருக்குத் தலைவர் முகம் வந்துவிட்டது. "பிரமிளா," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கமிட்டி முடிவு பண்ணிடுச்சும்மா. ஒனக்குப் பேரு கொடுத்தாச்சு. வானம்பாடி."

"புயல்!" என்றார் தங்கராஜு அங்கிள் அதே நேரத்தில்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புயல் வானம்பாடி," என்றார் மீரான் மாமா, சமாதானமாக.

"வேணாம் மாமா."

"ஏம்மா, நீதானே கேட்ட?"

"கேட்டேன். நீங்க பேசினதைக் கேக்குறதுக்கு முன்னாடி கேட்டேன். இப்போ கேக்கல." ஸ்பானரையும் மீட்டரையும் என் பைக்குள் போட்டேன். பழுது பார்ப்பதற்காக மேசைமேல் திறந்து வைத்திருந்த மூன்று செட்டுகளின் திருகாணிகளைத் தட்டில் வைத்து, தட்டை அலமாரிப் பக்கம் நகர்த்தினேன். "பயப்படாதீங்க, உங்க செட்டைப் பாதியில விடமாட்டேன். எடுத்துட்டு வாங்க, பாத்துத் தரேன். ஆனா என் வீட்டுக்கு, என்னைக் கேட்டு, என் பேரைச் சொல்லி எடுத்துட்டு வரணும். இங்க வந்து உக்காந்து பண்ண மாட்டேன்."

"அப்போ ஆஜர்ல ஒன்னை எப்படிக் கூப்பிடுறது?" தங்கராஜு அங்கிளுக்கு உண்மையிலேயே அது பெரிய சந்தேகம்.

"கூப்பிடாதீங்க. நான் இருபத்திரண்டாவது சேனல்ல இருப்பேன்."

மேசைக்குப் போய் மைக்கை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. "பதினோராம் சேனல்ல எல்லாருக்கும் வணக்கம். நான் பிரமிளா. ராஜாளி டூ இன்னையோட முடிஞ்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து இருபத்திரண்டுல இருப்பேன். அங்க யாரும் யாருக்கும் பேர் கொடுக்க மாட்டாங்க. வரவங்க அவங்கவங்க பேரை அவங்கவங்க சொல்லிக்கலாம். சிங்கம்னு சொன்னாலும் சரிதான்."

மைக்கை வைத்தேன். டின்னை எடுத்து தூரமாக வைத்துவிட்டுத்தான் வைத்தேன்.

அப்பா நாற்காலியிலேயே இருந்தார். கைகளை முட்டிமேல் வைத்து, பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பிள்ளை மாதிரி.

"கேட்டுட்டியா?" என்றார்.

"கேட்டேன்பா. நல்லாக் கேட்டுச்சு. ஆண்டெனா சரியா இருக்கு."

"நான் தப்பா ஒண்ணும்..."

"தெரியும்பா." அவர் முன்னால் நின்றேன். ஏணியில் யோசிக்காதது இப்போது தானாக வந்தது. "என் ஐ.சி. அட்டையை எடுத்துப் பாருங்க. பிரமிளா ஏ.பி. மோகனராஜ், மோகனராஜ் மகள்னு போட்டிருக்கும். சாகுற வரைக்கும் அது இருக்கும், கட்டிக்கிட்டாலும் மாறாது. உங்களோடது என்கிட்ட அது இருக்கு. நான் வேணாம்னு சொல்லல. ஆனா டூன்றது உங்களோடது இல்லப்பா. இந்தச் சங்கத்தோடது. அதை நீங்க எனக்காக ஏன் வெச்சுக்கிட்டிருக்கீங்க?"

அப்பா மீரான் மாமாவைப் பார்த்தார், தங்கராஜு அங்கிளைப் பார்த்தார், பிறகு மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். நான் அவரை என் சேனலுக்கு இழுக்கப் போவதில்லை. பொருளாளர் பதவி அவர் ஆசைப்பட்டு வாங்கியது.

"எப்படிப் போவ?" என்றார் கடைசியில். "காடிச் சாவி என்கிட்ட இருக்கு."

"பஸ்ல போறேன்."

"ஞாயித்துக்கிழமை பஸ் லேட்டா வரும்மா."

"வரட்டும்பா."

செட்டில் குணவதி ஆண்ட்டி மறுபடி வந்திருந்தார். யாரோ ஒரு லாரிக்காரர் அவரிடம் சாம்பாருக்கு எவ்வளவு உப்பு என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், பேர் சொல்லி. தங்கராஜு அங்கிள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மீரான் மாமா ஒலியைக் கூட்டுவதா குறைப்பதா என்று குமிழில் கை வைத்தபடி நின்றார்.

நான் படியிறங்கினேன். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்; மேலே கேட்ட ஊளையைப் பற்றி அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாணய மாற்றுக் கடைகளைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.